கவிழ்த்த டம்ளருக்குக் கீழே

ஜூன் 3

அத்தைக்கு,

போன் செய்தால் எடுக்கிறீர்கள், என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதற்கு முன்னால் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

பாப்பா நன்றாக இருக்கிறாள். முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. சண்டை போடும்போது உங்களைப் போலவே இடுப்பில் கை வைத்துக்கொள்கிறாள்.

வேலை விஷயமாக ஒன்று கேட்க வேண்டும். ஆளுக்கொரு கதாபாத்திரமாக ஆடுகிற, உங்கள் மகன் எழுதிய மேஜை ஆட்டத்தை எங்கள் கம்பெனி வீடியோ கேமாகச் செய்துகொண்டிருப்பது உங்களுக்குத் தெரியும். சண்டைப் பகுதி என் பொறுப்பு. யார் முதலில் அடிப்பது, ஒரு முறையில் எத்தனை கட்டம் நகரலாம், இருபது முகப் பகடையில் என்ன எண் விழுந்தால் அடி படும், எல்லாம் விதிப்புத்தகத்தில் இருக்கிறது. அப்படியே போட்டுவிட்டேன். அந்தப் புத்தகத்தை வைத்து ஊர் ஊராக ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஓர் எண் மாறினாலும் எங்களைச் சும்மா விடமாட்டார்கள்.

ஆனால் டம்ளர் விதி புத்தகத்தில் இல்லை. அவர் அதை அச்சுக்குக் கொடுக்கவே இல்லை. நம் வீட்டு மேஜையில் மட்டும்தான் அது உண்டு. நான் ஆபீஸ் முடிந்து வருவதற்குள் பாதி நாள் ஆட்டம் கலைந்திருக்கும். நீங்கள் ஒரு வாரம்கூட விட்டதில்லை. உயிர்ப்புள்ளி தீர்ந்து ஒருவருடைய ஆள் விழுந்தால் என்னவெல்லாம் செய்வீர்கள் என்று எழுதி அனுப்ப முடியுமா?

வேறு எதுவும் கேட்கவில்லை.

உங்கள் மருமகள்


ஜூன் 11

மருமகளுக்கு,

கிழிக்கவில்லை. பேத்தியின் பல்லைப் பற்றி எழுதியதால் தப்பித்தாய். இடுப்பில் கை வைக்கிறாள் என்றால் என் ரத்தம், வேறெப்படி இருப்பாள்.

விதி இதுதான். விழுந்தவர் தன் பகடையை டம்ளரில் போட்டுக் குலுக்கி, அப்படியே மேஜையில் கவிழ்க்க வேண்டும். எவர்சில்வர் டம்ளர். கண்ணாடி கூடாது. உள்ளே என்ன எண் என்று யாரும் பார்க்கக் கூடாது, ஆட்டத்தை நடத்துகிற என் பிள்ளையும் பார்க்கக் கூடாது. பத்தோ அதற்கு மேலோ என்றால் மூச்சு இருக்கிறது. பத்துக்குக் கீழே என்றால் ஆள் போயாயிற்று. எது என்று தெரிய வேண்டுமானால், கூட நிற்கிறவர்களில் ஒருவர் தன் முறையை விட்டுக்கொடுத்து, வழியில் அடி பட்டாலும் படட்டும் என்று விழுந்தவர் பக்கத்துக் கட்டத்துக்குப் போய் டம்ளரைத் தூக்க வேண்டும். விழுந்தவர் தன் டம்ளரைத் தானே தொடக் கூடாது.

ஒவ்வொரு சுற்றும் தொடங்கும்போது அவன் கேட்பான்: "யார் போறீங்க?" அவ்வளவுதான். போ என்று யாரையும் சொல்ல மாட்டான்.

இந்த விதி எப்படி வந்தது என்பதையும் சேர்த்துக்கொள். முன்னெல்லாம் அவன் அட்டை மறைப்புக்குப் பின்னால் பகடையை உருட்டிவிட்டு, செத்தவனையெல்லாம் பிழைத்தான் என்று சொல்வான். கூட ஆடுகிற நெட்டையனின் ஆள் இரண்டு தடவை செத்திருக்க வேண்டியவன். நீதான் ஒருநாள் எட்டிப் பார்த்து, "பொய்யி! பாரு அத்தை, உன் பிள்ளை பச்சைப் பொய்யி!" என்று கூரை அதிரச் சிரித்தாய். அடுத்த ஆட்டத்துக்கு அவனே அடுக்களையிலிருந்து டம்ளரை எடுத்து வந்தான். "இனிமே எனக்கும் தெரியாது, போதுமா?" என்றான்.

விதி முடிந்தது. மற்றபடி உன்னிடம் பேச எனக்கு ஒன்றும் இல்லை. தலைவலி என்று படுத்தவனை, வேலை விட்டு வந்ததும் கதவைத் திறந்து ஒரு பார்வை பார்த்திருந்தால் என் பிள்ளை இருந்திருப்பான். சாவு வீட்டில் எல்லார் முன்னாலும் அதைச் சொன்னேன். திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

பேத்திக்கு என் முத்தம். உனக்கு இல்லை.

அத்தை


ஜூன் 18

அத்தைக்கு,

விதிக்கு நன்றி. மற்றதற்குப் பதில் எழுதவில்லை. எழுதினேன், கிழித்துவிட்டேன்.

டம்ளரைப் போட்டாயிற்று. திரையில் எவர்சில்வரிலேயே வரைந்திருக்கிறார்கள். ஆனால் ஓர் இடத்தில் சிக்கல். எங்கள் குழுத் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'அவசரம்'. அவர் கேட்டார்: "பகடையை எப்ப உருட்டறது? ஆளு விழுந்த உடனே உருட்டி மறைச்சு வெக்கணுமா, இல்ல டம்ளரைத் தூக்கும்போது உருட்டிக்கலாமா? ரெண்டும் ஒண்ணுதானேம்மா, ஆடுறவனுக்கு என்ன தெரியப்போகுது?"

தூக்கும்போது உருட்டினால் எங்களுக்கு வேலை சுலபம். ஆனால் கேமில் ஆட்டத்தை நடுவில் சேமித்து வைத்துக்கொள்ளலாம். கெட்ட எண் வந்தால், சேமித்த இடத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி தூக்குவார்கள். நல்ல எண் வரும்வரை தூக்கிக்கொண்டே இருப்பார்கள். விழும்போதே உருட்டிவிட்டால் எத்தனை தடவை திரும்பிப் போனாலும் அதே எண்தான். எது உங்கள் மேஜைக்குப் பொருந்தும்?

சோதனைக்கான கேமைப் பெயிண்டர் அண்ணனுக்கு அனுப்பியிருக்கிறேன். பக்கத்து வீடுதானே, அவர் கம்ப்யூட்டரில் ஆடிப் பாருங்கள். அதில் ஒன்று இருக்கிறது, முன்கூட்டியே சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அடுத்த கடிதத்தில் சொல்கிறேன்.

மருமகள்


ஜூலை 2

மருமகளுக்கு,

உன் கேமை ஆடினேன். முதலில் குறையைச் சொல்கிறேன்.

நாலே பட்டன். வெட்டு, குத்து, தடு, ஓடு. என் கோடாரிக்காரி இப்படியா சண்டை போட்டாள்? மேஜையில் நான் ஓநாயின் மூஞ்சியில் கொதிக்கிற கஞ்சியை ஊற்றியிருக்கிறேன். பூதத்திடம் பேச்சுக் கொடுத்து, அது பதில் யோசிக்கும்போது காலை வாரியிருக்கிறேன். "அதுக்கு விதி இல்லையேம்மா" என்பான். "இல்லேன்னா போடு" என்பேன். தலையைச் சொறிந்துவிட்டு, "சரி, பதினாலுக்கு மேல விழுந்தா விடறேன்" என்பான். உன் கம்ப்யூட்டருக்குச் சொறியத் தலை இல்லை. எண் எல்லாம் சரி. கட்டம் சரி. ஆனால் கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லாத மேஜை அது. அதை எப்படிச் சரிசெய்வாய் என்று எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது.

அப்புறம் நெட்டையனின் ஆள் விழுந்தான். டம்ளர் கவிழ்ந்தது.

அவன் கேட்டான். என் பிள்ளையின் குரல். "யார் போறீங்க?"

நான் யோசிக்கவே இல்லை. "இருடா, நான் போறேன்" என்று சொல்லிவிட்டேன். பெயிண்டர் எழுந்து வெளியே போய்விட்டார். நான் பட்டனை அழுத்தாமல் உட்கார்ந்திருந்தேன். மறுபடியும் கேட்டான்.

முன்னாலேயே சொல்லியிருக்கலாம் நீ. அடுத்த கடிதமாம்.

உன் கேள்விக்குப் பதில். விழும்போதே உருட்ட வேண்டும். டம்ளருக்குள் எண் ஏற்கெனவே விழுந்து கிடக்கிறது, நமக்குத்தான் தெரியாது. தூக்கும்போது உருட்டினால், போய்த் தூக்குகிறவள்தான் கொன்றவள் என்று ஆகிவிடும். அப்புறம் யார் போவார்கள்? திரும்பிப் போய் மறுபடி தூக்குவதாம். அப்படி ஒரு பட்டன் இருந்தால் எனக்கு ஒன்று அனுப்பி வை.

உங்கள் 'அவசரத்திடம்' சொல், இரண்டும் ஒன்று இல்லை. வேண்டுமானால் என் வீட்டுக்கு வந்து பார்க்கட்டும். கடைசி ஆட்டத்தின் டம்ளர் இன்னும் மேஜை மேல்தான் கவிழ்ந்து கிடக்கிறது. உள்ளே இருப்பது என் கோடாரிக்காரியின் பகடை. அவள் விழுந்த உடனேதான் அவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "தலை வலிக்குதும்மா, மிச்சத்தை அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று எழுந்து போனான்.

அத்தை


ஜூலை 9

அத்தைக்கு,

குரலைப் பற்றி முன்பே சொல்லாதது தப்பு. பெயிண்டர் அண்ணன் பழைய ஆட்டங்களைப் போனில் பதிவு செய்து வைத்திருந்தார். அதிலிருந்து எடுத்தோம். ஒன்றில் சிரித்துக்கொண்டே கேட்கிறார், ஒன்றில் அலுப்பாக. இன்னொன்றில் பின்னால் உங்கள் தையல் மெஷின் ஓடுகிறது.

டம்ளர் இன்னும் அங்கேயே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. படித்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை.

இங்கே ஒன்று நடந்தது. ஒரு சண்டையை ஓடவிட்டிருந்தேன். எதிரிகள் எல்லாம் செத்துவிட்டார்கள், கூட இருந்தவர்கள் வாசல் வழியாக வெளியேறிவிட்டார்கள். ஒருத்தி மட்டும் விழுந்து கிடக்கிறாள். தூக்க ஆள் இல்லை. டம்ளர் தூக்கப்படாததால் சண்டை முடியவில்லை என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டிருக்கிறது. காலி அறை. சுற்றுக்குச் சுற்று அவர் கேட்கிறார், யார் போறீங்க என்று. மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரும் போயிருந்தார்கள். நான் நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அவசரம் வந்து பார்த்துவிட்டு, "எதிரி செத்ததும் டம்ளர் தானா தூக்கிக்கட்டும், முடிஞ்சது கதை" என்றார். மேஜையில் என்ன வழக்கம்?

இன்னொன்று. எண் ஏற்கெனவே விழுந்துவிட்டது, தூக்குகிறவள் கொல்லவில்லை என்று உங்கள் கையால் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் என்னிடம் மட்டும் ஏன் அப்படிச் சொன்னீர்கள்? அவர் தூங்குகிறார், பாப்பா போய்த் தொல்லை பண்ணக் கூடாது என்றுதான் ஒருக்களித்திருந்த கதவை இழுத்துச் சாத்தினேன். சாப்பிடக் கூப்பிடத்தான் திறந்தேன். எப்போது நடந்தது என்று சொல்ல முடியாது என்று டாக்டரே சொன்னார். நீங்கள் மட்டும் சொன்னீர்கள்.

அந்த டம்ளரைத் தயவுசெய்து தூக்கிவிடுங்கள்.

மருமகள்


ஜூலை 20

மருமகளுக்கு,

மேஜையில் தானாக எதுவும் தூக்கிக்கொள்ளாது. எதிரி எல்லாம் செத்தாலும், யாராவது போய்த் தூக்கும்வரை அவன் கட்டத்தாளைச் சுருட்ட மாட்டான். அதை அப்படியே போடு.

என்னைத் தூக்கச் சொல்கிறாய். விதியை நான்தானே எழுதி அனுப்பினேன், சரியாகப் படிக்கவில்லையா? விழுந்தவள் தன் டம்ளரைத் தொடக் கூடாது. பெயிண்டர் ஒருநாள், "நான் எடுத்துடவா பெரியம்மா?" என்று கையை நீட்டினார். கத்தரிக்கோலோடு எழுந்தேன். அதற்குப் பிறகு அவர் அந்த மேஜைப் பக்கமே உட்காருவதில்லை. கடைசி ஆட்டத்தில் அவருடைய ஆளும் நெட்டையன் ஆளும் வாசலைத் தாண்டி ஓடிவிட்டார்கள். ஓடினவர்கள் திரும்ப முடியாது. கட்டத்தாளில் மிச்சம் நிற்பது உன் வில்லுக்காரி ஒருத்திதான். நீ வேலையிலிருந்து வந்து சேர்ந்துகொள்வாய் என்று அவன் அவளை எடுக்காமல் வைத்திருந்தான்.

முன்பு எழுதியதில் ஒன்றை மறைத்துவிட்டேன். எண் விழுந்து கிடக்கிறது, அது மாறாது என்றேன். ஆனால் கிடங்குக்குப் போகிற லாரிகள் நம் தெருவில் திரும்பும்போது மேஜை ஆடுகிறது. அப்போது டம்ளருக்குள் பகடை உருளுகிற சத்தம் கேட்கிறது. திரைத்துணிக்குக் கரை அடித்துக்கொண்டிருப்பேன், மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்பேன். ஒரு உருளல், அப்புறம் ஒன்றும் இல்லை. பதினாறாக இருந்தது மூன்றாகியிருக்கலாம். மூன்றாக இருந்தது பதினாறாகியிருக்கலாம். மேஜை காலுக்கடியில் துணியை மடித்து வைத்தேன். நிற்கவில்லை. இப்போது லாரி வராத நேரத்திலும் கேட்கிற மாதிரி இருக்கிறது.

மேஜையைச் சுற்றித் துடைக்கிறேன். டம்ளரைத் தொடாமல்.



அத்தை


ஜூலை 27

அத்தைக்கு,



எனக்குப் பயமாக இருக்கிறது, அத்தை. நான் ஒரு கதவைத் திறந்தேன். திறக்கும்வரை அவர் தூங்கிக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் அப்படித்தான், பாப்பாகூட "அப்பா தூங்கறாரு" என்று விரலை வாயில் வைத்துக்கொண்டு நடந்தாள். திறந்ததும்தான் அப்படி ஆனது. திறக்காமலே இருந்திருந்தால் இன்னும் உள்ளே தூங்கிக்கொண்டிருப்பார் என்று பட்டப்பகலில், பஸ்ஸில் நிற்கும்போது, தோன்றுகிறது. நீங்கள் ஏன் சீக்கிரம் திறக்கவில்லை என்று கேட்டீர்கள். நானோ ஏன் திறந்தேன் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரே கதவு.

இப்போது ஒரு டம்ளர்.

வில்லுக்காரியின் உயிர்ப்புள்ளி எழுதிய அட்டை என்னிடம்தான் இருக்கிறது. துணிகளை எடுத்து வைக்கும்போது அதுவும் சேர்ந்து வந்துவிட்டது. அவள் எந்தக் கட்டத்தில் நிற்கிறாள்? நடுவில் என்ன இருக்கிறது?

மருமகள்


ஆகஸ்ட் 1

வாசலுக்குப் பக்கத்துக் கட்டத்தில் நிற்கிறாள். நடுவில் இரண்டு ஓநாய். வந்தால் அடி படும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் வீட்டில்தான் இருப்பேன். இதை நான் கூப்பிட்டதாக எடுத்துக்கொள்ளாதே.

அத்தை


ஆகஸ்ட் 14

அம்மாடி,

நேரில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நீ வந்ததும் பையைக்கூட இறக்காமல் மேஜைக்குப் போனாய். வில்லுக்காரியை ஒவ்வொரு கட்டமாக நகர்த்தினாய். ஓநாய்க்கு நான்தான் பகடை உருட்டினேன், இரண்டும் கடித்தன, நீ அட்டையில் உயிர்ப்புள்ளியை அழித்து எழுதினாய். விதி பிசகாமல் வந்தாய். பெருமையாக இருந்தது, சொல்லவில்லை. அப்புறம் டம்ளர் மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாய். பாப்பா, "தூக்கும்மா" என்றாள்.

நாலு.

"நாலு அத்தை" என்றாய். "நான் தொட்டிருக்கக் கூடாது அத்தை, தொட்டிருக்கக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். நான் அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போனேன். பால் வைக்கவே இல்லை.

இப்போது சொல்கிறேன். என் கோடாரிக்காரி விழுந்தபோதே போய்விட்டாள். நீ வந்து தூக்கியதால் தெரிந்தது. தெரியவைத்தவள் வேறு, செய்தவள் வேறு. லாரி உருட்டிவிட்டிருந்தால் லாரி மேல் கேஸ் போடுவோம். நீ ஓநாய்க் கடி வாங்கிக்கொண்டு வந்தவள். வேறு யார் வந்தார்கள்?

எல்லார் முன்னாலும் சொன்ன சொல் அது. உன்னிடம் மட்டும் தனியாக எடுத்தால் எடுத்ததாகாது. அன்றைக்கு அதைக் கேட்டவர்கள் ஒவ்வொருவர் வாசலிலும் போய் நின்றேன். "என் மருமகளைப் பத்தி நான் சொன்னது தப்பு. கேட்ட காதாலயே இதையும் கேட்டுக்கோங்க" என்றேன். நெட்டையன் வீட்டில் உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. சிலர் என்ன சொன்னேன் என்பதையே மறந்திருந்தார்கள். மறக்காதவர்கள் நாம் இரண்டு பேர்தான் போலிருக்கிறது.

அத்தை


ஆகஸ்ட் 22

அத்தை,

உங்கள் கடிதத்தை ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். படித்துவிட்டு மேலே போய், வேலையை முடித்தேன்.

விழும்போதே பகடை உருளும். எத்தனை தடவை திரும்பிப் போனாலும் எண் மாறாது. யாராவது போகும்வரை சண்டை முடியாது. அவசரம் எதிர்த்துப் பார்த்தார். அவரையே உட்காரவைத்து ஆடவிட்டேன். அவருடைய ஆள் ஒருத்தி விழுந்ததும் முதன்முறையாக மனிதர் பட்டனில் கை வைக்காமல் யோசித்தார். பிறகு, "சரி, இருக்கட்டும்" என்று எழுந்து போய்விட்டார். நாலு பட்டனை மட்டும் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கஞ்சி ஊற்ற வழியில்லை. மன்னித்துவிடுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும், இந்தத் தடவை அடுத்த கடிதத்துக்குத் தள்ளவில்லை. அந்தக் காலி அறைச் சண்டையைச் சேமித்து வைத்திருந்தேன். அதை மட்டும் அழிக்கவில்லை. மதியம் எல்லாரும் சாப்பிடப் போனதும் திறக்கிறேன். அவர் கேட்கிறார். வெளியேறிய ஒருத்தியை உள்ளே கொண்டுவந்து தூக்கவைக்க என்னால் முடியும், புரோகிராமில் ஒரு வரி எழுதினால் போதும். தூக்கினால் குரல் நின்றுவிடும். அதனால் எழுதவில்லை.

மருமகள்


ஆகஸ்ட் 30

அம்மாடி,

அந்த ஒரு வரியை எழுதிவிடு. நீ மட்டும் தனியாக உட்கார்ந்து அதைக் கேட்காதே. அவன் பதில் வராமல் கேட்டுக்கொண்டே இருப்பதும் எனக்குப் பொறுக்கவில்லை. உன்னால் தூக்க முடியாது என்றால் கம்ப்யூட்டர் பெட்டியோடு இங்கே எடுத்து வா. உன் முறை முடிந்தது. இது என் முறை, நான் போகிறேன்.

டம்ளரைக் கழுவி நிமிர்த்தி வைத்துவிட்டேன். நேற்று லாரி திரும்பியபோது மேஜை ஆடியது. மெஷினை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தேன். ஒரு சத்தமும் இல்லை. இத்தனை நாள் சத்தம் கேட்கிறதே என்று பயந்தேன், இப்போது கேட்கவில்லையே என்று மெஷினை ஓட்டாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

கோடாரிக்காரிக்கு ஒரு தங்கச்சி உண்டு என்று முடிவுசெய்து புது அட்டை எழுதியிருக்கிறேன். அக்காவைவிட வாய் ஜாஸ்தி. பெயிண்டர் மேஜைப் பக்கம் வந்து உட்காரச் சம்மதித்துவிட்டார். நெட்டையன் பகடையைத் தேடி எடுத்துவிட்டானாம். என் பிள்ளை உட்கார்ந்த நாற்காலியில் யாரும் உட்கார வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும், மறைப்பை இந்தப் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொள்ளலாம். ஆட்டத்தை நடத்த ஆள் இல்லை. விதி எல்லாம் தெரிந்தவள் ஒருத்திதான் இருக்கிறாள்.

இந்த வீட்டில் கேட்பதற்கு இப்போது நான்தான் இருக்கிறேன், அதனால் நானே கேட்கிறேன்.

யார் வர்றீங்க?

அத்தை